இரண்டாவது மதிப்பெண்

ஜூலை 28

சின்னவளுக்கு,

இரண்டு வருடம் பேசாமல் இருந்துவிட்டு, காரியம் ஆகவேண்டும் என்றதும் கடிதம் போடுகிறாள் பார் என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள். காரியத்துக்காகத்தான் எழுதுகிறேன். உன் அண்ணனுக்கு ஆபரேஷன் செய்த இடத்தில் இப்போது வலி இல்லை, டிப்போவுக்கு ஒழுங்காக வேலைக்குப் போய்வருகிறார். நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது.

வாலுவின் பள்ளிக்கூடத்தில் ஜூன் மாதம் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு நடந்தது. பேனா, பென்சில் எதுவும் கிடையாதாம். யாரோ ஓர் அம்மாள் வந்து, ஒவ்வொரு பிள்ளையாகத் தனியறைக்குக் கூப்பிட்டு, படங்களைக் காட்டிக் கதை சொல்லச் சொல்லி, அதைப் பதிவு செய்துகொண்டு போனார்களாம். வாலு வீட்டுக்கு வந்து, "அம்மா, இன்னிக்கு ஒரு ஆன்ட்டி நான் பேசப் பேசக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க, ஒரு தடவைகூட வாயை மூடுன்னு சொல்லல" என்று துள்ளினாள். இவளுக்கு அதைவிட என்ன வேண்டும்?

போன வாரம் தாள் வந்தது. முப்பதுக்குப் பதினேழரை. பதினெட்டு வாங்கினால் வழக்கமான வகுப்பு, அதற்குக் கீழே என்றால் தனிப்பயிற்சிப் பிரிவு. தாளின் தலையில் உன் அலுவலகத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது.

அந்தப் பிரிவு மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அறை. எனக்கு நன்றாகத் தெரியும், அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைப்பவள் நான்தானே. வருடா வருடம் அளவெடுக்கப் போகும்போது, "மாடிப்படி அறைப் பிள்ளைகளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று நானே சொல்லியிருக்கிறேன். இப்போது என் பெண் அங்கே கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது, கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கித் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். அதைக் கேட்டுக்கொண்டு வாலு வாசலில் நின்றாள்.

அரை மதிப்பெண். அரை இஞ்ச் குறைந்தால் நான் தையலைப் பிரித்து விட்டுக்கொடுப்பேன். உங்கள் ஆபீஸில் அப்படி எதுவும் கிடையாதா? அந்தத் தேர்வு சரியான தேர்வு என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அதை மட்டும் சொல். அவள் எண் 214.

உன் அண்ணி

*

ஆகஸ்ட் 11

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அண்ணன் நலமாக இருப்பது அறிந்து மிகவும் நிம்மதி. வாலுவைப் பற்றி அறிந்து வருத்தம்.

தாங்கள் கேட்டதற்கு முறைப்படி பதில் எழுதுகிறேன். எங்கள் தேர்வில் ஐந்து படக்கதைகள். ஒவ்வொன்றுக்கும் ஆறு மதிப்பெண். ஒவ்வொரு பிள்ளையின் பதிவையும் இரண்டு மதிப்பீட்டாளர்கள் தனித்தனியாகக் கேட்டு மதிப்பெண் இடுவார்கள். ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கக் கூடாது. பிறகு இரண்டையும் கூட்டிச் சராசரி எடுப்போம். இருவருடைய மதிப்பெண்களும் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்று கணக்கிடுவதைத்தான் நம்பகத்தன்மை என்கிறோம். முழுக்க ஒத்துப்போனால் ஒன்று. எங்களுக்கு இந்த வருடம் 0.93 வந்திருக்கிறது. இது மிக உயர்ந்த அளவு. கூட்டத்தில் இயக்குநர், "ஒரே காதால கேட்ட மாதிரி இருக்கே" என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார்.

ஏற்புடைமை என்று இன்னொன்று உண்டு. எதை அளப்பதாகச் சொல்கிறோமோ அதைத்தான் அளக்கிறோமா என்பது. அதையும் பிள்ளைகளின் வகுப்பு மதிப்பெண்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே தேர்வில் குறை என்று எதுவும் இல்லை.

ஆனாலும் எல்லைக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் இருக்கும் பிள்ளைக்குப் பெற்றோர் மறுதேர்வு கேட்கலாம். விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசித் தேதி இந்த மாதம் முப்பது. கட்டாயம் விண்ணப்பியுங்கள் அண்ணி. தாமதிக்க வேண்டாம்.

மேலே இரண்டு வரிகளை அடித்திருக்கிறேன். பொருட்படுத்த வேண்டாம்.

தங்கள் நாத்தனார்

*

ஆகஸ்ட் 21

சின்னவளுக்கு,

கடிதமா இது? அரசாங்க நோட்டீஸ் மாதிரி இருந்தது. உன் அண்ணன் வாசித்துவிட்டு, "நம்ம வீட்டுப் பொண்ணுதானா எழுதினது?" என்று கேட்டார். அடித்த இரண்டு வரிகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 'நான்' என்கிற ஒரு சொல்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு பேனாவால் குதறி வைத்திருக்கிறாய்.

நீ சொன்ன 0.93 என்னவென்று இரண்டு நாள் யோசித்தேன். என்னிடம் ஒரு பழைய டேப் இருக்கிறது. வருடக்கணக்காக இழுபட்டு, ஒரு இஞ்ச் நீண்டு போய்விட்டது. அதை வைத்து நான் அளந்தாலும், என்னிடம் வேலை கற்றுக்கொள்கிற பெண் அளந்தாலும் ஒரே அளவுதான் வரும். நூற்றுக்கு நூறு ஒத்துப்போகும். தைத்த சட்டை மட்டும் யாருக்கும் சேராது. இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னால் சரியாகிவிடுமா? இது தெரிய உன் ஆபீஸில் வேலை பார்க்க வேண்டியதில்லை.

மறுதேர்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நவம்பரில் என்றார்கள். சும்மா இருந்தால் முடியுமா? படக்கதைப் புத்தகம் நாலு வாங்கியிருக்கிறேன். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மெஷின் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு படமாகச் சொல்ல வைக்கிறேன். முதல் படத்தில் ஆரம்பிக்காமல் நடுவில் பாய்கிறாள், யானைக்கு மாமியார் வீடு இருக்கிறது என்கிறாள். இதையெல்லாம் சொன்னால் மார்க் போடுவார்களா? படத்தில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லடி என்று தலையில் அடித்துக்கொள்கிறேன். பழகிவிடுவாள்.

அண்ணி

*

செப்டம்பர் 3

அண்ணி,

அவசரமாக எழுதுகிறேன். தயவுசெய்து வாலுவைப் பழக்க வேண்டாம். பழக்கிய பிள்ளைகளின் பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும். அவள் எப்படிச் சொல்கிறாளோ அப்படியே சொல்லட்டும். யானைக்கு மாமியார் வீடு இருக்கட்டும். திருத்தாதீர்கள்.

நவம்பர் வரை அவளைக் கொஞ்சம் பேச விடுங்கள். அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிடும். கண்டிப்பாகச் சரியாகிவிடும் என்று நான் நினைக்கிறேன்.

சின்னவள்

*

நவம்பர் 24

சின்னவளுக்கு,

மறுதேர்வு முடிந்து தாள் வந்துவிட்டது. பதின்மூன்று.

தலைமையாசிரியர் என்னை நிற்கவைத்தே பேசினார். "ரெண்டு தடவை வெச்சும் கோட்டுக்குக் கீழதாம்மா. முதல் மார்க் சரின்னு ரெண்டாவது மார்க்கே சொல்லுது பாருங்க. நீங்க ஏத்துக்கிட்டா பொண்ணுக்கு நல்லது" என்றார். அவர் மேஜையில் என் கையால் தைத்த திரைச்சீலையின் மிச்சத் துணி விரித்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு தலையாட்டிவிட்டு வந்தேன். 

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முகம் இல்லை. நீ பழக்க வேண்டாம் என்று எழுதினாய். நான் கேட்கவில்லை. அக்டோபரில் ஒரு நாள், படங்களை அவள் இஷ்டத்துக்கு இடம் மாற்றி வைத்தாள். ஏற்கனவே மூன்று தடவை சொல்லியிருந்தேன். கையில் டேப் இருந்தது. அதாலேயே விரலில் ஓர் அடி போட்டேன். அவள் அழவில்லை. படங்களைப் பழையபடி அடுக்கி வைத்துவிட்டு, "எப்படிச் சொன்னாம்மா சரி?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எதற்கும் அதே கேள்விதான். சோறு போட்டால், இவ்வளவு சாப்பிட்டால் சரியா என்கிறாள். முன்பெல்லாம் அவள் வாயை அடைக்க ஆள் வைக்க வேண்டும். இப்போது வீடு அமைதியாக இருக்கிறது, எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை.

பத்து வருடமாக என் மடியில் கிடந்த பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாததா அந்தத் தாளுக்குத் தெரிந்துவிட்டது? அப்படிக் கேட்கத்தான் நினைக்கிறேன். ஆனால் உள்ளுக்குள் நான் தாளைத்தான் நம்பினேன். அவள் கதை சொல்லும்போதெல்லாம், இவள் மட்டம்தான் போலிருக்கிறது என்று நினைத்தபடியே கேட்டேன். அது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

இனி உனக்குத் தொந்தரவு கொடுக்க மாட்டேன். உங்கள் தேர்வு சரிதான். நான்தான் டேப், கீப் என்று உளறிவிட்டேன்.

அண்ணி

*

டிசம்பர் 2

அண்ணி,

உங்கள் தேர்வு சரிதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை வாசித்தபிறகு என்னால் இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. இந்தக் கடிதத்தை இதுவரை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்காமல் அனுப்பிவிட வேண்டும் என்று தபால் நிலையத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்ததே, அதற்குப் பிறகு எனக்கு இடது காது சுத்தமாகக் கேட்பதில்லை. வலது காதும் குறைந்துகொண்டே வருகிறது. பெரியவர்கள் எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவேன். பதிவில் வரும் பிள்ளைகளின் சின்னக் குரல்தான் கேட்காது. ஹெட்போனில் சத்தத்தை முழுக்க ஏற்றினாலும் தண்ணீருக்கு உள்ளேயிருந்து பேசுகிற மாதிரி இருக்கும். யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வேலையில் சேரும்போதே காது பரிசோதனை உண்டு. தெரிந்தால் பதிவேட்டு அறைக்குத் தள்ளிவிடுவார்கள். எனக்கு இந்த வேலையை விட்டால் வேறு என்ன இருக்கிறது என்று பயந்தேன்.

அண்ணி, அந்த இரண்டு மதிப்பீட்டாளர்களில் இரண்டாமவள் நான்தான்.

முதலாமவரை நாங்கள் கண்ணாடிக்காரர் என்போம். சோடாபுட்டிக் கண்ணாடி. ஒவ்வொரு பிள்ளையையும் மூன்று தடவை கேட்டுத்தான் மதிப்பெண் போடுவார், அவ்வளவு நேர்மையான மனிதர். மனைவியை வேலையிடத்திலிருந்து அழைத்துவர நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார். அவர் மேஜை இழுப்பறைக்குப் பூட்டு கிடையாது. எனக்கு ஐந்து மணி வரை வேலை. அந்த ஒரு மணி நேரத்தில் அவர் தாளை எடுத்து என் தாளில் ஏற்றிக்கொள்வேன். இந்த வருடம் இருநூற்று நாற்பது பிள்ளைகள். ஒரு பிள்ளையைக்கூட நான் கேட்கவில்லை.

எல்லாம் அப்படியே ஒத்துப்போனால் சந்தேகம் வரும் அல்லவா? அதனால் பதினாலு பிள்ளைக்கு ஒரு தடவை வேண்டுமென்றே ஒரு மதிப்பெண் மாற்றிப் போடுவேன். ஒரு தடவை கூட்டி, அடுத்த தடவை குறைத்து. இயற்கையாக இருக்க வேண்டும் என்று அவ்வளவு யோசித்துச் செய்தேன். 0.93 அப்படி வந்ததுதான். இயக்குநர் ஒரே காதால் கேட்ட மாதிரி என்றபோது எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே 214ஐ எடுத்துப் பார்த்தேன். கண்ணாடிக்காரர் பதினெட்டு போட்டிருக்கிறார். பக்கத்தில் என் கையெழுத்தில் பதினேழு. அது குறைக்க வேண்டிய முறை. ஒன்றைக் குறைத்திருக்கிறேன். எப்போது, என்ன நினைத்துப் போட்டேன் என்று ஞாபகமே இல்லை. தாளில் எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. ஆனால் அது வாலு இல்லை, வேறு யாரோ ஒரு பிள்ளை என்று தெரிந்திருந்தால் இன்றைக்கும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். இதை எழுதத்தான் எனக்கு மிகவும் வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் நம்பகத்தன்மை, ஏற்புடைமை என்று உங்களுக்குப் பாடம் எடுத்தேன். மறுதேர்வை வேறு இரண்டு பேர் கேட்பார்கள், வாலு சுலபமாகத் தாண்டிவிடுவாள், யாருக்கும் எதுவும் தெரியாமல் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். நாலு மாதம் அந்த அறையில் உட்கார்ந்த பிள்ளை எப்படிப் பேசும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் பொய்யை இப்போது அவள் வாயாலேயே உண்மையாக்கி வைத்திருக்கிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள் அண்ணி. திட்டுவதானாலும் திட்டுங்கள்.

சின்னவள்

*

டிசம்பர் 14

சின்னவளே,

மூன்று நாள் மெஷினில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் ஊசியைக் கையில் ஏற்றிக்கொள்வேன் என்று பயமாக இருந்தது.

உன் அண்ணன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். மடித்து வைத்துவிட்டு, "அவளுக்குக் காது கேக்காதது நமக்குத் தெரியாமப் போச்சே" என்றார். எனக்கு வந்ததே கோபம். பெண் மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறாள், இவருக்குத் தங்கச்சியின் காது பெரிதாகப் போய்விட்டது. இரண்டு பேரும் நன்றாகச் சண்டை போட்டோம். அந்தப் பாவமும் உன் கணக்கில்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் நடந்ததை நான் மறக்கவில்லை. உன் அண்ணனை ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். வாலுவை அழைத்துவர நேரமாகிவிட்டது. நீ கொஞ்சம் இரு, நான் போய்வருகிறேன் என்று சொல்ல, நடைக்கூடத்தில் உன்னைப் பின்னாலிருந்து மூன்று தடவை கூப்பிட்டேன். நீ திரும்பாமல் போனாய். பிள்ளை பள்ளிக்கூட வாசலில் இருட்டும்வரை நின்றது. எவ்வளவு திமிர் இருந்தால் இப்படிப் போவாள் என்று வீடு முழுக்கச் சொன்னேன். நீயும் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்கவில்லை அண்ணி என்று சொன்னால் என்ன குறைந்துபோயிருப்பாய்? திமிர்பிடித்தவள் என்று பேர் வாங்குவது உனக்குச் சுலபமாக இருந்தது. காது கேட்காதவள் என்ற பேருக்குத்தான் பயந்தாய். ஒரு பேருக்குப் பயந்தவள் இருநூற்று நாற்பது பிள்ளைகளுக்குப் பேர் வைத்துவிட்டாய்.

என்ன செய்ய என்று என்னைக் கேட்காதே. உனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். உன் ஆபீஸுக்கு எழுதிக் கொடு. 'பிழை நேர்ந்துவிட்டது', 'கவனக்குறைவு' என்றெல்லாம் எழுதினால் அதை நான் கிழித்துப்போடுவேன். நான் கேட்கவில்லை, நான் பார்த்து எழுதினேன், நான் குறைத்தேன் என்று எழுது. ஆகஸ்ட் மாதக் கடிதத்தில் அடித்தாயே அந்த 'நான்', அதை அடிக்காமல் எழுது. நகலைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு. வேலை போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் போகாமல் இருப்பதற்காக இதைச் செய்யாமல் விட்டால் இந்த வீட்டு வாசலை மிதிக்காதே.

வாலுவுக்காவது உள்ளே ஓர் அத்தை இருக்கிறாள். நீ குறைத்துப் போட்ட மற்ற பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்? அவர்களையும் சேர்த்து எழுது.

அண்ணி

*

ஜனவரி 9

அண்ணி,

எழுதிக் கொடுத்துவிட்டேன். நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். எத்தனை 'நான்' இருக்கிறது என்று நீங்கள் எண்ணிக்கொள்ளலாம்.

இயக்குநர் வாசித்துவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். என் எதிரில் வந்து உட்கார்ந்து, மெதுவாக, உதடு எனக்குத் தெரியும்படி பேசினார். "இதை ஏம்மா எழுத்துல குடுத்தீங்க? வாயால சொல்லியிருந்தா நாமளே சரிபண்ணியிருக்கலாமே" என்றார். அறிக்கை அச்சாகி எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் போய்விட்டதாம். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டால், பாதிக்கப்பட்ட பிள்ளைகளை மட்டும் சத்தமில்லாமல் வழக்கமான வகுப்புக்கு மாற்றிவிடலாமாம். உண்மையைச் சொல்கிறேன் அண்ணி, கை நீண்டது. கடிதம் மேஜை மேல்தான் இருந்தது. பிறகு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் போட்டார்.

நான் குறைத்ததால் கோட்டுக்குக் கீழே போன பிள்ளைகள் நாலு பேர். நாலு பேரும் உடனே பழைய வகுப்புக்குத் திரும்ப உத்தரவு போயிருக்கிறது. இருநூற்று நாற்பது பதிவுகளையும் இரண்டாவதாகக் கேட்க வேறு ஆளைப் போட்டிருக்கிறார்கள். என்னை மதிப்பீட்டு வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், விசாரணை நடக்கிறது. கண்ணாடிக்காரர் என்னிடம் பேசுவதில்லை. தன் இழுப்பறைக்கு ஒரு பூட்டு வாங்கி வந்து, எனக்கு எதிரிலேயே திருகாணி முடுக்கிப் பொருத்தினார். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வருடக்கணக்காக எனக்கு நல்லது நினைத்த மனிதர்.

காதுக்குக் கருவி வாங்கிவிட்டேன். முதல் நாள் என் செருப்புச் சத்தமே எனக்குப் பெரிதாகக் கேட்டது. விசாரணைக்காக 214ஐ ஒருமுறை கேட்க அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள். ஒருமுறை என்று போய்ப் பதினோரு முறை கேட்டேன்.

மூன்றாவது கதையைச் சொல்கிறேன். நாலு படம். ஒரு பெண் குடையோடு வீட்டிலிருந்து கிளம்புகிறாள். மழையில் பெஞ்சுக்குக் கீழே ஒரு நாய் நனைகிறது. அவள் நாய்க்குக் குடை பிடிக்கிறாள். நனைந்துபோய் வீட்டு வாசலில் நிற்கிறாள். இந்த வரிசையில் சொன்னால்தான் வரிசைக்கு மதிப்பெண். வாலு முதலில், "நீங்க வெச்ச மாதிரியே சொல்லணுமா, இல்ல எனக்குத் தோணுற மாதிரி மாத்திக்கலாமா?" என்று கேட்கிறாள். அந்த அம்மாள் உன் இஷ்டம் என்கிறார். கடைசிப் படத்தை இவள் முதலில் வைக்கிறாள். அட்டை மேஜையில் உரசுகிற சத்தம்கூடக் கேட்கிறது.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இந்த அக்கா குடை எடுக்காமப் போயி நனைஞ்சுட்டே வீட்டுக்கு ஓடி வந்துட்டாங்க. வர்ற வழியில அந்த நாயைப் பாத்தாங்க, ஆனா பாக்காத மாதிரி வந்துட்டாங்க. வீட்டுக்குள்ள வந்ததும் அவங்களுக்கு வெட்கமாப் போச்சு. அதனால குடையை எடுத்துக்கிட்டுத் திரும்பப் போறாங்க."

விதிப்படி வரிசைக்கு அவளுக்கு எதுவும் கிடையாது. கண்ணாடிக்காரர் விதிப்படித்தான் போட்டிருக்கிறார், காரணம் சொன்னதற்கு முழு மதிப்பெண்ணும் கொடுத்திருக்கிறார். ஏற்புடைமை என்றால் என்ன என்று உங்களுக்கு ஆகஸ்டில் விளக்கினேனே. அந்தப் பத்தியை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது. நீங்கள் சொன்ன டேப்தான் சரியான விளக்கம்.

நவம்பர் பதிவையும் கேட்டேன். அதே அறை, அதே அம்மாள். படத்தை வைத்ததும் வெகுநேரம் சத்தமே இல்லை. கருவி நின்றுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன். பிறகு, "எப்படிச் சொன்னா சரி?" என்கிறாள். அந்த அம்மாள் உன் இஷ்டம் என்கிறார். "தெரியலை" என்கிறாள். அதை இரண்டாம் முறை கேட்க என்னால் முடியவில்லை.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. வாலுவிடம் நானே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். நீங்கள் விட்டால்.

சின்னவள்

*

ஜனவரி 22

சின்னவளே,

உத்தரவு வந்துவிட்டது. வாலு பழைய வகுப்புக்குப் போகிறாள். தலைமையாசிரியர் இந்த முறை நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடமும் போய், அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள், "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். அப்போதே கேட்டிருந்தால் என்னவாம்?

எல்லாம் சரியாகிவிட்டது என்று நீ நினைத்துக்கொள்ளாதே. வாலு இன்னும் பேசுவதற்கு முன்னால் என் முகத்தைப் பார்க்கிறாள். மற்ற மூன்று பிள்ளைகளில் ஒருத்தி வகுப்பு மாற மாட்டேன், இங்கேயே இருக்கிறேன் என்று அழுதாளாம். பழைய டேப்பைத் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன். அவள் விரலில் அடித்ததும் அந்த டேப்தான். அதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "வலிக்கலைம்மா" என்று பொய் சொன்னாள். உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கும் கை வரவில்லை. என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை, உன் முறை பிறகு வரும்.

உன் கடிதத்தில் அவள் கதை வருகிற இடத்தை மட்டும் வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டாள். யானைக்கு மாமியார் வீடு கட்டிய நாட்களுக்குப் பிறகு அவள் முகம் இவ்வளவு உன்னிப்பாக இருந்து நான் பார்க்கவில்லை. நீ செய்ததையும் அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன், மறைக்கவில்லை.

"அப்போ அத்தை அன்னிக்குக் கேக்காமலேயே மார்க் போட்டாங்களா?" என்றாள். ஆமாம் என்றேன்.

"இப்பக் கேட்டுட்டாங்கல்ல?" என்றாள். பதினோரு தடவை கேட்டாளாம் என்றேன்.

பாவாடை நுனியைச் சுருட்டினாள். கோபப்படுவாள், அழுவாள் என்று நான் காத்திருந்தேன்.

"அப்போ இப்ப எத்தனை போட்டாங்க?" என்று கேட்டாள்.

அத்தையையே கேள் என்றேன். சனிக்கிழமை வா. அவளை உன் வலது பக்கம் உட்காரவைக்கிறேன். மறுபடியும் கேட்பாள், நீயே சொல்.

அண்ணி